இருபது முகப் பகடையின் பூர்வீகம்

சேலத்தில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, அது ஆட்டம் என்றே தோன்றாது. பலகை கிடையாது. பெரும்பாலும் காய்களும் கிடையாது. ஒருவர் ஊரையும் காட்டையும் வாயாலேயே விவரிப்பார். மற்றவர்கள் வில்லாளியாகவோ மருத்துவச்சியாகவோ தங்களைப் பாவித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ரூன்குவெஸ்ட், கால் ஆஃப் க்துல்ஹு என்று இந்த ரோல்பிளேயிங் ஆட்டங்களில் பல உண்டு. கதையை நடத்துபவரை நாங்கள் டிஎம் என்போம். எங்கள் குழுவில் அந்த வேலை பெரும்பாலும் என்னுடையது.

ராசிபுரத்திலிருந்து வரும் கல்லூரி மாணவன் ஒருவன் ஆட்டத்துக்கு நடுவே கேட்டான்: "இத மொதமொதல்ல யாருங்ணா ஆடுனது? நம்ம தாயம், ஆடு புலி ஆட்டத்துல இருந்து வந்ததா?" ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விசாரணையின் முதல் படி சுலபமானது. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். முதல் பதிப்பு 1,000 பிரதிகள். பெட்டிகளில் கையாலேயே அடுக்கி விற்றார்கள். ஆனால், ஆடுபவர் ஒரு தனி மனிதராக மாறி நிற்கும் யோசனை அதற்கு ஐந்தாண்டு மூத்தது. 1969இல் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். இரு படைகளுக்கும் நடுவே பிரவுன்ஸ்டைன் என்றொரு கற்பனை ஊர். வந்திருந்த நண்பர்களுக்கெல்லாம் வேலை வேண்டுமே என்று ஒருவரைப் பல்கலைக்கழக வேந்தராக்கினார், இன்னொருவரை வங்கி முதலாளியாக்கினார். அவர்களோ படைகள் மோதும்வரை காத்திருக்கவில்லை. ஒதுக்கமாகப் போய்த் தங்களுக்குள் பேரம் பேசவும் சதி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் கெட்டுப்போனது என்று வெஸ்லி நொந்துகொண்டார். நண்பர்கள் மறுபடியும் அதையே நடத்தச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர்தான் ஆர்னசன்.

அப்படியானால் டிஎம் எங்கிருந்து வந்தார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வெஸ்லி படித்திருந்த ஒரு பழைய புத்தகம், அமெரிக்க ராணுவ அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880இல் வெளியிட்ட 'ஸ்ட்ராட்டகோஸ்'. ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயலலாம், அது நடக்குமா என்பதை நடுவர் தீர்மானிப்பார் என்ற எண்ணத்தை அவர் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். டாட்டனுக்கு முன்னோடி பிரஷ்யா. அங்கே 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, தன் தந்தை தொடங்கிவைத்த போர்ப் பயிற்சி ஆட்டத்தைச் சீர்படுத்தினார். இரு தரப்பும் தங்கள் கண்ணுக்கு எட்டியதை மட்டுமே அறியலாம். முழு நிலவரமும் நடுவருக்குத்தான் தெரியும். கட்டளைகளை அவரிடம் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் துருப்புகளை நகர்த்துபவர் அவர். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி இன்னும் துணிந்து, விதி அட்டவணைகளைத் தள்ளிவைத்து அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். இன்று நான் உட்காரும் நாற்காலி அந்தப் பிரஷ்ய நடுவருடையது.

அதற்கும் பின்னால் போனால் 1780. ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர், சதுரங்கப் பலகையை 1,600க்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்து, மலைக்கும் நீருக்கும் வண்ணம் தீட்டி, பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் போர்க்கலை கற்பிக்க ஓர் ஆட்டம் செய்தார். சதுரங்கமோ இந்தியாவில் பிறந்து, பாரசீகர், அரேபியர் கைமாறி ஐரோப்பா போனது.

ஆக, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான் என்று இங்கேயே முடித்துவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. சதுரங்கத்தில் மறைவு இல்லை, நடுவர் இல்லை, குதிரையின் மேல் உட்கார்ந்து 'நான்' என்று பேசும் ஆளும் இல்லை. அவற்றைச் சேர்த்தவர்கள் பிரஷ்யர்களும் மின்னசோட்டா இளைஞர்களும். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது.

மாணவன் கேட்ட ஆடு புலி ஆட்டத்தைச் சும்மா விடவும் முடியவில்லை. எங்கள் பக்கத்து மண்டபத் தரைகளில் அந்த முக்கோணக் கோடுகளைப் பார்க்கலாம். 3 புலி, 15 ஆடு. புலி தாவி வெட்டும். ஆடு வெட்டாது, கூடி நின்று வழியை அடைக்கும். இரு தரப்புக்கும் பலம் வேறு, நோக்கம் வேறு. புலி பிடிப்பவர் புலியாகவே யோசிக்க வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு இது பாட்டனார் அல்ல. ஆனாலும் உலகத்துப் பலகை ஆட்டங்களில் பாத்திரமேற்பதற்கு இவ்வளவு நெருங்கி வந்தவை குறைவு என்பது என் துணிபு.

ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்கு விதி பாதி, செட்டிங் என்கிற கற்பனை உலகம் பாதி. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தை எட் கிரீன்வுட் கனடாவில் சிறுவனாக இருந்தபோதே எழுதத் தொடங்கினார். எங்கள் முதல் கேம்பெயின், அதாவது வாரக்கணக்கில் தொடரும் கதை, அங்கேதான் நடந்தது. பனிபொழியும் ஊர்களை ஆத்தூர்ப் பையன்களுக்கு விவரித்தே நான் களைத்துப்போனேன். எனக்கு மிகப் பிடித்தது கிரெக் ஸ்டாஃபோர்டு 1966இலிருந்து உருவாக்கிய குளோரந்தா. 1978இல் வந்த ரூன்குவெஸ்டின் களம். அங்கே குலங்கள் ஒன்றன் ஆநிரையை மற்றொன்று கவர்கின்றன. மீட்கப் போய் மாண்டவனைத் தெய்வமாகக் கும்பிடும் நடுகற்களை எனக்கு எங்கள் வட்டாரத்திலேயே தெரியும். அவை நிறைந்த தருமபுரி, 1965 வரை சேலம் மாவட்டம்தான்.

அதனால் கேம்பெயினைக் கொல்லிமலைக்கு மாற்றினேன். சங்க காலத்துக் களம் அங்கே தயாராகவே இருந்தது. மலையில் வல்வில் ஓரி, முள்ளூரில் காரி, தகடூரில் அதியமான், மேற்கே சேரன். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுக்கிறான். பிறகு சேரன் தகடூர் மேலேயே படையெடுக்கிறான். யாரும் கெட்டவரில்லை, எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மலைக்குள் கொல்லிப்பாவை. சங்கப் பாடல்களில் எந்தச் சீற்றத்துக்கும் உருக்குலையாத அழகி அவள். எட்டுக்கை அம்மனே அவள் என்று மலைவாசிகள் கும்பிடுகிறார்கள்.

இதில் யாராக ஆடுவது? வாள்வீரர்களாக ஆடிப் பார்த்தோம்; சரிப்பட்டு வரவில்லை. பாணரும் விறலியும் கூத்தரும் ஒரு குழுவாகக் கிளம்பியதும் ஆட்டம் பற்றிக்கொண்டது. எல்லா அரசர் வாசலும் அவர்களுக்குத் திறக்கும். பகை நாட்டுக்கும் போகலாம். போனால் ஒற்றர் என்ற சந்தேகமும் வரும். உறையூரில் இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று கொல்லப் போக, கோவூர்கிழார் தலையிட்டுக் காப்பாற்றிய கதை புறநானூற்றிலேயே உண்டு. பரிசு பெற்றவர் வறியவருக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை நூல்களை டிஎம் ஒருவர் படித்தால், பாதி கேம்பெயின் எழுதியாயிற்று.

விதிகளுக்கும் இப்போது தடையில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிநூலை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் தமிழில் பெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். நாங்கள் கொல்லிக் களத்தைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். சேந்தமங்கலம், காரவள்ளி, பேளுக்குறிச்சிப் பக்கத்து வாசகர்களே, உங்கள் ஊர்க் கரட்டுக்கும் ஏரிக்கும் காவல் தெய்வத்துக்கும் பெரியவர்கள் சொல்லும் கதை இருந்தால், அதை ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அந்த ஊர்களைப் புத்தகத்தில் சரியாக வைக்க உங்களால்தான் முடியும்.