நூல் விட்டுப் பார்த்த கதை

தலைப்பைப் பார்த்துட்டு காலேஜ் காதல் கதைன்னு ஆசையா ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது நிஜ நூல். தையல் மெஷினுக்குப் போடற கறுப்பு நூல்.

நானும் என் ரூம்மேட்டும் சனி, ஞாயிறுல போர் ஆட்டம் ஆடற கேஸு. 1985ல அமெரிக்காவுல வந்த 'அட்வான்ஸ்டு ஸ்க்வாட் லீடர்'. இரண்டாம் உலகப் போர்தான் களம். அதோட விதிப்புத்தகத்தை தலைக்கு வச்சுப் படுக்கலாம், அவ்ளோ கனம். எங்க அறிவுக்கு 2004ல வந்த ஸ்டார்ட்டர் கிட்டே ஜாஸ்தி.

மேப் முழுக்க அறுகோணக் கட்டம். ஒரு கட்டம் 40 மீட்டர். நடுவுல ஒரு புள்ளி. என் ஆளு உன் ஆளைச் சுடணும்னா, என் புள்ளியிலேருந்து உன் புள்ளிக்கு நூலை இழுத்துப் பிடிக்கணும். நடுவுல வீடோ மரக்கூட்டமோ குறுக்க வந்தா பார்வை போகாது. கோதுமை வயல் வந்தா பார்வை போகும், ஆனா கலங்கலா. பகடைக் கூட்டுத்தொகையில ஒண்ணு ஏறும். (கம்மியா விழுந்தாதான் சுடறவனுக்கு லாபம்.) இதுலயும் பெரிய புத்தகத்துல ஒரு குசும்பு இருக்கு. ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும்தான் வயல் மறைக்கும், மத்த மாசத்துல வெறும் தரை. அறுவடைக்கெல்லாம் கணக்கு வச்சிருக்கான் மனுஷன்!

இதே சமாச்சாரம் 2004ல வந்த 'மெமோயர் 44'ல ரொம்ப சுலபம். கட்டத்துல காடு இருந்தா முழுக் கட்டமும் மறைப்பு, அவ்வளவுதான். இங்க அப்படி இல்லை. வரைஞ்சிருக்கிற படம்தான் சட்டம். கட்டத்துல வீடு இருந்தாலும், அதே கட்டத்தோட காலி மூலை வழியா நூல் போச்சுன்னா தாராளமா சுடலாம். அதனால சண்டையெல்லாம் அரை மில்லிமீட்டர்லதான் வரும். "தொடுது", "தொடலை", "நீ நூலை இந்தப் பக்கம் சாய்க்கிற", "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருடா"... பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டி ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டே போயிட்டாங்க.

மேட்டருக்கு வரேன். சுடறேன்னு அறிவிக்கிறதுக்கு முன்னாடி நூலைத் தொடக்கூடாது. அறிவிச்சப்புறம் இழுத்துப் பார்த்து மறைச்சுதுன்னா, சுட்டது சுட்டதுதான், குண்டு வீண். முதல்ல இது எனக்குச் சுத்தமா பிடிக்கலை. டெஸ்ட் பண்ணாம கோடை நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தற மாதிரி இருந்தது. போகப் போகத்தான் புரிஞ்சுது. மேலேயிருந்து மொத்த ஊரையும் பார்க்கற வசதி நமக்கு மட்டும்தான், ஜன்னலோரம் குந்தியிருக்கிற சிப்பாய்க்கு ஏது? அந்த சந்தேகத்தை நமக்கும் கொஞ்சம் ஊட்டி விடறதுதான் இந்த விதி.

இவ்ளோ புரிஞ்ச நான் என்ன பண்ணேன்?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்கு நைட் ஷிஃப்ட். மறுநாள் ஆட்டத்துல நான் ஜெர்மன், அவன் அமெரிக்கன். நான் மேப்பை விரிச்சு, நூலை எடுத்து, ஒரு கல் வீட்டிலேருந்து ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் இழுத்துப் பார்த்தேன். ரெண்டு வீட்டுக்கு நடுவுல மயிரிழை சந்து ஒண்ணு மாட்டுச்சு. நோட்டுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

சனிக்கிழமை மெஷின் கன்னை அங்கயே வச்சேன். அந்த இடத்துல வீடு மறைக்கும்னு நம்பி அவன் ஆளுங்க முழு வேகத்துல ரோட்டைத் தாண்டினாங்க. வெட்டவெளிக்கு ஒண்ணு, பதுங்காம ஓடினதுக்கு ஒண்ணுன்னு பகடையில ரெண்டு எனக்குக் குறையும். ரொம்ப யோசிக்கிற மாதிரி தாடையைச் சொறிஞ்சுட்டு "சுடறேன்"னேன். (நடிப்பு எப்படி?) நூல் வழுக்கிட்டுப் போச்சு. பகடையில நாலு. அவன் ஸ்குவாட் சிதறிச்சு, ஆட்டமும் அதோட முடிஞ்சுது.

அவன் சண்டைக்கு வரலை. குனிஞ்சு நூலைப் பார்த்துட்டு, "உனக்கு நல்ல கண்ணு மச்சி"ன்னான்.

திட்டியிருந்தா கூட தூங்கியிருப்பேன்.

சமாதானம் சொல்லிக்கவா காரணம் இல்லை? ஊரைப் பிடிச்சு உக்காந்திருக்கிற படை, எங்கேயிருந்து எந்தத் தெரு தெரியும்னு முன்னாடியே பார்த்து வைக்காமலா இருக்கும்? விதியும் ஆட்டத்துக்கு நடுவுல பார்க்கறதைத்தானே தடுக்குது? ரெண்டு வாரம் இதையே உருட்டிட்டிருந்தேன். இதெல்லாம் சரின்னா அவன் நைட் ஷிஃப்ட் போற நாளா பார்த்து ஏன் மேப்பை விரிச்சேன்? அதுக்கு மட்டும் பதிலே வரலை.

நேத்து டீக்கடையில சொல்லிட்டேன். அவன் டீயை முழுசா குடிச்சு முடிச்சான். கிளாஸை வச்சான்.

"நாளைக்கு நான் ஜெர்மன். நோட்டைக் குடு."

குடுத்துட்டேன். எனக்கு அவன் தெரிஞ்சா அவனுக்கும் நான் தெரிவேன், அதுவும் விதிதான். அதே மேப், அதே கல் வீடு. சாயங்காலம் ஆட்டம். அந்த ரோட்டை இன்னைக்கு நான் தாண்டணும்.