காரைக்குடியில் ஒரு கொட்டான்

முகூர்த்தத்துக்கு மறுநாள் காலையில் கலியாண வீட்டில் நீங்கள் இருந்ததுண்டா? ஒரு பக்கம் பந்தலைப் பிரிப்பார்கள். இன்னொரு பக்கம் பாத்திரங்களை எண்ணுவார்கள். கூடத்து மூலையில் மட்டும் ஜிகினாக் காகிதம் மலைபோல் குவிந்து கிடக்கும். எல்லாம் பரிசுப் பொருள்களைச் சுற்றி வந்த காகிதம்!

அப்படி ஒரு மலைதான் என்னைக் காரைக்குடிக்கு ரயிலேற்றியது. என் அக்காளின் மூத்த பெண் கலியாணத்துக்கு எங்கள் அத்தை தம்முடைய பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கொடுத்தார். "வெறுமனே கொடுத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று கடையில் கொடுத்து, பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து, பளபளவென்று சுற்றி வாங்கி வந்திருந்தார். மறுநாள் பிரித்த அவசரத்தில் சிமிழ், காகிதத்தோடு காகிதமாகக் குப்பை வண்டி ஏறிவிட்டது. எங்கெங்கோ தேடினோம், கிடைக்கவில்லை. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியவில்லை.

இரண்டாவது பெண்ணுக்குக் கலியாணம் நிச்சயமானதும் என் மனைவி, "இந்தத் தடவை காகிதமே வேண்டாம். போய்க் கொட்டான் வாங்கி வாருங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

கொட்டான் என்பது செட்டிநாட்டுப் பனையோலைக் கூடை. அந்தக் காலத்தில் ஆச்சிமார் ஓய்ந்த நேரத்தில் தங்கள் கையாலேயே முடைவார்கள். மணி கோத்து, கொக்கிப் பின்னல் விளிம்பு தைத்து அழகு செய்வார்கள். கலியாணத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பட்சணம் எல்லாம் அதில்தான் வைத்துக் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் வந்த பிறகு இந்தக் கைவேலை மங்கியது. விசாலாட்சி இராமசாமி தொடங்கிய அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்து அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

பிற்பகல் சென்னையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினேன், இராத்திரி காரைக்குடி. காலையில் முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை வேடிக்கை பார்த்துவிட்டு, பக்கத்துக் கிராமத்தில் ஒரு திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஓர் அம்மாள் முடைந்துகொண்டிருந்தார்.

விரியாத குருத்தோலையை வெட்டி வெயிலில் காய வைக்கிறார்கள். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வாரிக் கிழிக்கிறார்கள். சிலவற்றைச் சாய நீரில் கொதிக்க வைத்து வர்ணமேற்றுகிறார்கள். முடையும்போது லேசாக ஈரப்படுத்தினால் ஓலை ஒடியாமல் வளைந்து கொடுக்கிறது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பாகம் மட்டும்தான் முடிந்திருந்தது! பேரம் பேசலாம் என்று வந்தவன், வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த திண்ணையில் இருந்த வயதான ஆச்சி, "தம்பி, இதைப் பாருங்க" என்று ஒரு பழைய கொட்டானை எடுத்து வந்தார். நிறம் மங்கியிருந்தது; ஒரு வரிசை மணி உதிர்ந்திருந்தது. கட்டு மட்டும் குலையவில்லை.

"எனக்குக் கலியாணமாகி நாப்பத்தஞ்சு வருஷமாச்சு. அப்ப வந்தது. உள்ளே என்ன வச்சுக் கொடுத்தாகன்னு மறந்துபோச்சு. கொடுத்த சின்னாத்தாவை மறக்கலை. ஈரம் படாம வச்சுக்கிட்டா பூசணம் பிடிக்காது. இதை யாரு தம்பி குப்பையிலே போடுவாக?"

எனக்கு அத்தையின் சிமிழ் ஞாபகம் வந்தது.

சகோதரிகளே, பளபளப்புக் காகிதத்தின் மேல் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலமோ உலோகப் பூச்சோ இருக்கிறது. பழைய காகிதக்காரர்கூட அதை எடுப்பதில்லை. எரித்தாலும் நச்சுப் புகை. தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. பனையோ, 1978 முதல் நம் மாநில மரம். ஓலை மக்கி மண்ணாகிவிடும். முடைந்தவர் வீட்டில் அடுப்பும் எரியும்.

எல்லோரும் காரைக்குடிக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெட்டியில் பழைய பருத்திப் புடவை இருக்கும். அதில் ஒரு துண்டு போதும். இல்லாவிட்டால் மஞ்சள் பை. கட்டுவதற்கு வாழை நார். கொட்டான்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கை வேலைக்கு நாள் பிடிக்கும்.

கலியாணத்துக்கு முதல் நாள் நாங்கள் கண்டாங்கிப் புடவையைக் கொட்டானில் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகை வைத்தோம். அத்தை வந்து பார்த்தார். "இன்னொன்று இருக்கிறதா?" என்று கேட்டார். கொடுத்தோம். தம்முடைய சின்னப் பித்தளை விளக்கை அதில் வைத்து, மூடாமலே கொண்டுபோய்ப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை விளக்கு சுவாமி அலமாரியில் இருந்தது. பக்கத்திலேயே கொட்டான், நிறையப் பூவோடு.