கொடிமலையும் என் பாட்டியும்

பினாங்குக்குப் போகாதவர்கள் நம் தோட்டங்களில் குறைவு. தைப்பூசத்துக்காவது ஒருமுறை போயிருப்பீர்கள். கொடிமலை ரயிலில் ஏறியிருக்கிறீர்களா?

போன பள்ளி விடுமுறையில் என் அம்மாவை அழைத்துப் போனேன். தைப்பிங்கில் கொமுட்டர் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் அக்கரை சேர்ந்து, பஸ்ஸில் ஆயர் ஈத்தாம் போனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மலை ரயில் ஒத்துக்கொள்ளுமா என்று எனக்குக் கவலைதான்.

கவலைக்குக் காரணம் உண்டு. 1990 வாக்கில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, குடும்பத்தோடு அங்கே போனோம். அப்போது பாதை இரண்டு துண்டாக இருந்தது. பாதி மலையில் ஒரு வண்டியை விட்டு இறங்கி, இன்னொன்றில் ஏற வேண்டும். வழியெல்லாம் படிக்கட்டு. ஆயுள் முழுவதும் பால்மரம் வெட்டிய பாட்டிக்கு அங்கே கால் ஓடவில்லை. "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே காத்து வாங்குறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். கடைசிவரை அவர் உச்சியைப் பார்க்கவே இல்லை.

ஏன் இரண்டு துண்டு? சாதாரண ரயிலால் அந்தச் சரிவில் ஏற முடியாது, சக்கரம் வழுக்கும். ஆகவே கம்பி வடத்தில் இரண்டு பெட்டிகளைக் கட்டுகிறார்கள். ஒன்று இறங்க, மற்றது ஏறும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியதுபோல. பெட்டியின் தரையும் சரிவுக்கு ஏற்றபடி படிப்படியாக இருக்கும். 1897-இல் தொடங்கிய முதல் முயற்சி பலிக்கவில்லை. 1923-இல் ஓடத் தொடங்கிய பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வடம், தனி வண்டி வைத்தார்கள். முதலில் மரப்பெட்டிகள். 1977-இல் அவற்றை மாற்றினார்கள். நான் சிறுவனாக ஏறியது அந்த இரண்டாம் தலைமுறை வண்டியில்தான். உச்சி சேர அரை மணி நேரம் ஆகும்.

2010-இல் பழைய வண்டிகளை நிறுத்தி, 2011-இல் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் புதிய வண்டிகளை விட்டார்கள். ஒரே வடம், ஒரே ஓட்டம். ஒரு தடவைக்கு 100 பேர், குளிர்சாதன வசதி வேறு. பழைய வண்டியே அழகு என்று வருத்தப்படுவோர் உண்டு. மர வாசனையும் திறந்த ஜன்னலும் எனக்கும் பிடிக்கும். ஆனால் விடுமுறைக் கூட்டத்தையும் முதியவர்களையும் நினைத்தால் மாற்றியது சரி என்பேன்.

அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றி, கதவோரத்து இருக்கையில் உட்காரவைத்தேன். வண்டி விருட்டென்று கிளம்பியது. காது அடைத்தது. அம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு எதையோ தேடினார்.

"நடுவுல நிக்காதாய்யா?"

"இந்த வண்டி நிக்காதும்மா. ஏன்?"

"அத்தை உக்காந்திருந்த எடத்தப் பாக்கணும்."

நான் விரலை நீட்டுவதற்குள் அந்த நிலையம் பின்னால் போய்விட்டது. சுரங்கத்துக்குள் இருட்டு வந்து போனது. பத்து நிமிடத்துக்குள் உச்சி.

மேலே காற்று சில்லென்றிருந்தது. முருகன் கோயிலில் அம்மா இரண்டு முறை விபூதி வாங்கினார். ஒன்றைத் தாளில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். கீழே ஜார்ஜ் டவுனும் கடலும், அதற்கப்பால் பட்டர்வொர்த்தும் தெரிந்தன. நாங்கள் வந்த ரயில் நிலையம் எங்கே என்று கேட்டார், காட்டினேன். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது அம்மா கேட்காமலே இடப்பக்க ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.