நேரம் பார்த்து ஏறும் ஆறு

டைமண்ட் கிரீக், அரிசோனா



கிராண்ட் கேன்யனுக்குள் படகு விடுகிறவர்களுக்கு மாலையில் கரையேறியதும் முதல் வேலை கயிறு கட்டுவது. அதைக் கணக்குப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். இரவில் நீர் ஏறினால் படகு அவிழ்ந்து போய்விடும். இறங்கினாலோ, காமிராவும் அரிசியும் ஐஸ் பெட்டியும் ஏற்றிய ஒரு டன் ராஃப்ட் விடியற்காலையில் மணல்மேட்டில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் பதினாறு பேரும் சேர்ந்து தள்ள வேண்டியதுதான்.

பாலைவனத்துக் கொலராடோ ஆற்றில் ஓதம் எப்படி வந்தது? லீஸ் ஃபெர்ரி படகுத்துறைக்கு 15 மைல் மேலே கிளென் கேன்யன் அணை நிற்கிறது. உயரம் 216 மீட்டர். 1963-இல் அது நீரைத் தேக்கத் தொடங்கியது. மேற்கு மாநிலங்களின் வீடுகளில் ஏசி ஓடும் நேரத்தில் மின்தேவை கூடும். டர்பைன்கள் வழியாக நீர் கூடுதலாக வெளியேறும். ஊர் உறங்கும்போது குறையும். வழக்கமான நாள்களில் பகலில் 8,000 கன அடிக்கும் இரவில் 5,000 கன அடிக்கும் குறையக் கூடாது, 25,000-ஐத் தாண்டக் கூடாது என்று விதி. மேட்டூர் நீர்திறப்புச் செய்தியில் நாம் தினமும் படிக்கிற அதே விநாடிக் கணக்குதான். இந்த ஏற்ற இறக்கம் ஆற்றோடு நகர்ந்து போகிறது. அணைக்குப் பக்கத்து முகாமுக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். நூறு மைல் தாண்டிய முகாமுக்கோ, நேற்று மாலை யாரோ போட்ட ஏசியின் நீர் இன்றைக்குத்தான் வந்து சேரும்.

இவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கும் ஆற்றைக் காட்டாறு என்று சொல்லலாமா என்ற கேள்வி, இங்கே கரையேறிய ஒரு குழுவுக்குள் முதல் நாளே கிளம்பிவிட்டது. பயணம் முடியும்வரை தீரவில்லை.

குழு என்றால் அதிகபட்சம் 16 பேர். வணிக நிறுவனங்களின் துணையில்லாமல் தாங்களே படகோட்டிப் போக விரும்புகிறவர்களுக்கு 2006 முதல் குலுக்கல் முறையில் அனுமதி கிடைக்கிறது. அதற்கு முன் இருந்த காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதி வைத்துவிட்டுப் பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்தவர்கள் உண்டு. துறையில் ரேஞ்சர் ஒருவர் லைஃப் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, அடுப்பு, முதலுதவிப் பெட்டி, கழிப்பறைப் பெட்டி எல்லாம் சரிபார்த்த பிறகே படகுகள் நகர முடியும்.

கழிப்பறைப் பெட்டி என்று எழுதியதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். லீஸ் ஃபெர்ரியிலிருந்து டைமண்ட் கிரீக் வரையிலான 226 மைலிலும் மனிதக் கழிவு ஒரு துளிகூட மண்ணில் தங்கக் கூடாது. மூடிபோட்ட இரும்புப் பெட்டிகளில் அடைத்துக் கூடவே எடுத்துப் போக வேண்டும். விறகுச் சாம்பலுக்கும் அதே விதி. சிறுநீரை மட்டும் நேரே ஆற்றில்தான் கழிக்க வேண்டும். நமக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு நேரெதிர். ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தங்கும் சில மணல்திட்டுகளில் மழை அதிகம் பெய்யாது. அங்கே விட்டால் நாற்றம் போகவே போகாது. பெருக்கெடுத்து ஓடும் ஆறு அதைக் கரைத்துக் கொண்டு போய்விடும். அந்தப் பெட்டியைத் தினமும் காலையில் கட்டி ஏற்றும் பொறுப்பை ஏற்றவருக்கு இரவுப் பாத்திரம் கழுவுவதிலிருந்து விலக்கு. இந்தக் குழுவில் அதற்குப் போட்டியே இருந்தது.

நீர் பற்றி ஒரு வார்த்தை. அணை தேக்கிய ஏரியின் ஆழத்திலிருந்து வெளியேறுவதால், ஏரி நிறைந்திருந்த ஆண்டுகளில் கோடையிலும் அது 10 பாகையைச் சுற்றியே இருந்தது. நீர்மட்டம் தாழ்ந்த அண்மை ஆண்டுகளில் ஓரளவு சூடு ஏறியிருக்கிறது. மேலே வெயில் 40 பாகை கொளுத்தும். கீழே விழுந்தவருக்கோ மூச்சு ஒரு கணம் அடைத்துவிடும்.

ராஃப்ட்களில் பெரும்பாலானவற்றை ஒருவர் இரண்டு நீண்ட துடுப்புகளால் ஓட்டுகிறார். ஒன்றில் மட்டும் ஆறு பேர் விளிம்பில் அமர்ந்து ஆளுக்கொரு துடுப்பு போடுகிறார்கள். பின்னால் இருக்கும் தலைவி, ஊரில் பள்ளி ஆசிரியை, குரல் கொடுக்கிறார். ‘முன்னே’, ‘பின்னே’, ‘நிறுத்து’ என்பவை சாதாரணக் கட்டளைகள். ‘ஹை சைடு’ என்றால் மட்டும் யோசிக்க நேரமில்லை. படகு பாறையில் சாய்ந்து மேலெழும் பக்கத்துக்கு எல்லோரும் பாய்ந்து எடையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் கவிழும்.

இதெல்லாம் தேவைப்படும் நேரம் மிகக் குறைவு என்பது புதிதாக வருகிறவர்களுக்கு ஆச்சரியம். ஆற்றின் மொத்த இறக்கத்தில் ஏறத்தாழப் பாதி, பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மீதித் தூரம் சும்மா நகரும் நீர். ரெட்வால் குகையில் வட்டு வீசி விளையாடலாம், சுண்ணாம்பு கலந்து நீலமாக இறங்கும் லிட்டில் கொலராடோவில் மிதக்கலாம், 170 கோடி ஆண்டு வயதான கரும்பாறைச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். அந்த ஒரு பங்குதான் ரேபிட், அதாவது பாறைகளுக்கிடையே ஆறு கொந்தளித்து இறங்கும் இடம். அவற்றில் பெரும்பாலானவை கிளைப் பள்ளத்தாக்கின் வாயில் இருக்கின்றன. திடீர் மழையில் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சேறும் பாறையும் சேர்ந்து உருண்டு வந்து ஆற்றின் கழுத்தை நெரிக்கும்.

கிரிஸ்டல் ரேபிட் அதற்கு நல்ல சாட்சி. 1966 டிசம்பர் வரை அது பெரிதாகப் பொருட்படுத்தத் தேவையில்லாத இடம். அந்த மாதம் வடகரை மேட்டில் கொட்டிய மழை கிரிஸ்டல் கிரீக் வழியாகப் பாறைகளைக் கொண்டுவந்து தள்ளியது. அணை கட்டி மூன்றாண்டு கழித்து, அணையைக் கேட்காமலே, ஆறு தன் மிகக் கடுமையான இடங்களில் ஒன்றை உருவாக்கிக்கொண்டது. பழைய காலத்து வசந்த வெள்ளம் அந்தப் பாறைகளில் பலவற்றை உருட்டிக்கொண்டு போயிருக்கும். இப்போது அந்த வெள்ளம் வருவதில்லை. ஆற்றை அடக்கிய அணையே ரேபிட்களை நிலைக்க வைக்கிறது.

வெள்ளம் ஒருமுறை பெரிதாகத் திரும்பி வந்தது. 1983 ஜூனில் பனி வேகமாக உருகி ஏரி விளிம்பைத் தொட்டது. மதகுகளின் மேல் பிளைவுட் பலகை வைத்து உயரம் கூட்டினார்கள். உபரிநீர்ச் சுரங்கத்தின் கான்கிரீட் பிய்ந்து பாறையே அரிபட்டது. திறந்துவிட்ட நீர் 90,000 கன அடியைத் தாண்டியது. அந்த வெள்ளத்தில் படகோட்டி கென்டன் குரூவாவும் இரு நண்பர்களும் ‘எமரால்டு மைல்’ என்ற மரப்படகில் இரவோடிரவாக இறங்கினார்கள். கிரிஸ்டலில் கவிழ்ந்து, நிமிர்த்திக்கொண்டு, பள்ளத்தாக்கு முழுவதையும் 37 மணி நேரத்துக்குள் கடந்தார்கள். கோடையில் இப்போதைய குழுக்களுக்கு அதே ஆற்றில் 16 நாள் அனுமதி. அந்தப் பதினாறு நாளும் வேண்டியிருக்கிறது என்பதே இந்தக் குழுவின் கட்சி.

லாவா ஃபால்ஸ் 179-ஆவது மைலில் இருக்கிறது. இங்கே ரேபிட்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண். லாவா உச்சத்தை ஒட்டி நிற்கும். பெயரைப் பார்த்து எரிமலைக் குழம்பு கட்டிய அணை என்று நினைப்பவர்கள் உண்டு. காரணம் இடக்கரையில் உள்ள பிராஸ்பெக்ட் பள்ளத்தாக்கு தள்ளிய பாறைகள்தான். எல்லோரும் வலக்கரையில் இறங்கி, கரும்பாறை மேல் ஏறி, அரை மணிக்கும் மேல் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். நடு ஆற்றில் நீர் விளிம்பு தாண்டிச் சரியும் பெருங்குழி. அதில் விழுந்த படகை அது லேசில் விடாது. வலப்பக்கம் இரண்டு அலைகள் கத்தரிபோல் மோதும் இடத்தின் நடுவே நுழைய வேண்டும். மேலிருந்து பார்த்தால் வழி பளிச்சென்று தெரிகிறது. படகில் உட்கார்ந்ததும் அடிவானம் மட்டும்தான் தெரிகிறது.

முதல் நான்கு ராஃப்ட்களும் நனைந்து தப்பின. ஆசிரியையின் படகு கையளவு இடதாக நுழைந்தது. மோதும் அலை அதைத் தூக்கி ஒருபக்கமாக நிறுத்தியது. அவர் ‘ஹை சைடு’ என்று கத்தியது கரையில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் ஆறு முதுகுகள் ஒரே நேரத்தில் பாய்ந்தது தெரிந்தது. படகு ஒரு நொடி யோசித்துவிட்டுக் கீழே விழுந்தது. ஒருவர் மட்டும் நீரில். கீழே கயாக்கில் காத்திருந்த குழுவின் பையன் தன் வால்பிடியை அவர் கையில் கொடுத்து எதிர்ச்சுழிக்குள் இழுத்து வந்தான். கரையேறியவர் முதலில் கேட்டது தன் செருப்பை.

1869-இல் ஆய்வுப் பயணி ஜான் வெஸ்லி பவல் இதே இடங்களில் பலவற்றைக் கயிற்றில் படகை இறக்கியும் சுமந்தும் கடந்தார். ஷைலோ போரில் வலக்கையை இழந்தவர். ஒன்பது பேரோடு கிளம்பி ஐந்து பேரோடு முடித்தார். கடைசி நேரத்தில் மூன்று பேர் இனி முடியாது என்று மேடேறிப் போய்க் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பிரிந்த இடம் டைமண்ட் கிரீக்குக்குக் கீழே. இந்தக் குழு அதற்கு முன்பே கரையேறிவிட்டது.

டைமண்ட் கிரீக் வலாபாய் மக்களின் நிலம். வெளியேறும் பாதைக்கு அவர்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். பாதையின் ஒரு பகுதி ஓடையின் படுகையே என்பதால் மழை வந்தால் லாரியும் காத்திருக்க வேண்டியதுதான். ராஃப்ட்களின் காற்றை இறக்கிச் சுருட்டும்போது பழைய வழக்கு மறுபடி எழுந்தது. ஆசிரியை காட்டாறுதான் என்றார். செருப்பை இழந்தவர் அணைதான் எல்லாம் என்றார். ஒருவர் இந்த ஆற்றில் வருடத்துக்கு ஒரு பொழுதுபோக்குப் பயணம்தான் போகலாம்; அடுத்த குலுக்கல் பிப்ரவரியில். எதிரெதிராய் நின்ற இருவரும் விண்ணப்பம் போடப் போகிறார்களாம்.