ஆடியில் ஊன்றும் அவரை

ஜவ்வாது மலையில் புதிதாகத் தோட்டம் போட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆடியில், பாத்திரம் கழுவும் தண்ணீர் வடிகிற இடத்தருகே, நாலு கொடி அவரை விதை ஊன்றுங்கள். தக்காளியும் கத்தரியும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குத்து அவரை எந்தப் பட்டத்திலும் காய்க்கும். நாட்டுக் கொடி அவரை அப்படியில்லை, பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும். ஜமுனாமரத்தூர் பக்கம் ஆனியில் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம். மார்கழியில் 11 மணி 20 நிமிடம்தான். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தை அவரை தன் இலையால் உணர்கிறது. பங்குனியில் ஊன்றினால் ஐப்பசி வரை வெறும் இலையாகவே படரும். ஆடியில் ஊன்றினால் மழையில் கொடி வளர்ந்து முடிவதும், இரவு நீளத் தொடங்குவதும் சேர்ந்துவரும்.

“பனி விழுந்தாத்தான் அவர காய்க்கும்” என்பார்கள் பெரியவர்கள். பனியும் நீண்ட இரவும் இங்கே கைகோத்துத்தான் வருகின்றன. மழை ஓய்ந்த பின் வானம் தெளிந்துவிடும். இதே மலையில் 725 மீட்டர் உயரத்திலிருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கும் நல்ல காலம் அதுதான். மேகம் மூடாத இரவில் மண்ணின் சூடு தடையின்றி மேலே போய்விடும். விடியலில் இலையெல்லாம் பனி. அவரை பூக்கக் காரணம் பனியல்ல, நீண்ட இரவு என்றாலும், பெரியவர்கள் சொன்ன காலம் துளியும் பிசகவில்லை. அதனால் எந்தப் புத்தகத்தையும் விட அந்தச் சொல்லையே நான் முதலில் நம்புகிறேன்.

நம் மண் செம்மண், சரளை கலந்தது, சரிவானது. தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். ஆகவே குழிதான் பாதி வேலை. ஒன்றரை அடி ஆழம், அதே அகலம். மட்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, பள்ளத்துப் பக்கம் பிறை வடிவில் கல் அடுக்கவேண்டும். அந்தக் கல் இல்லையென்றால் ஒரே மழையில் எரு பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும். விதை ஓர் அங்குல ஆழம் போதும். முளைத்ததில் திடமான இரண்டை மட்டும் விடுங்கள். பந்தலுக்குக் கல்யாண முருங்கைக் கழிகளை நட்டால் அவையே வேர்விட்டு நிற்கும்.

புரட்டாசியில்தான் மனசு தடுமாறும். பந்தல் முழுக்க இலை, ஒரு பூவும் இல்லை. யூரியா போடலாமா என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். அவரையின் வேர்முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்களே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. மேலும் தழைச்சத்து ஊட்டினால் இலைதான் பெருகும், அதோடு அசுவினியும்.

அசுவினி எப்படியும் மார்கழியில் வரும். கொடியில் எறும்பு ஏறுவதைக் கண்டதுமே நுனிகளைப் புரட்டிப் பாருங்கள். பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவினால் இலையில் ஒட்டிக்கொள்ளும். பொறிவண்டு தென்பட்டால் அந்தக் கொடியில் சாம்பலும் வேண்டாம்; அசுவினியை அதுவே தின்றுவிடும்.

விதைக்கான காயைக் கடைசிப் பறிப்பில் தேடாதீர்கள். அப்போது மிஞ்சுவது சூம்பலும் பூச்சி துளைத்ததும்தான். காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போதே நல்ல கொத்துகளில் நூல் கட்டி, பறிக்கக் கூடாதென்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். கொடியிலேயே காய்ந்ததும் உடைத்து, வெயிலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வையுங்கள். அடுத்த ஆடிக்குக் கடையில் விதை தேட வேண்டியதில்லை.