எது நாள்? எது மாதம்?

‘ஷஃபான்’ என்று மட்டும் குறித்த ஓர் ஆவணம் வந்தபோது, அது எந்த ஆண்டின் ஷஃபான் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வினவினார்கள். அதன் பின்னரே ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு ஏற்பட்டது என்பது வரலாற்றுச் செய்தி. இன்று ஆண்டு தெரிகிறது. நாள் எது, மாதம் எது என்பதே குழப்பம்.

05/08/2015 என்பது சேலத்தில் ஆகஸ்ட் 5. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்காவிலோ மே 8. நாமக்கல்லில் நம் முறைப்படி தட்டச்சு செய்து, சி.எஸ்.வி. கோப்பாக வந்த மாணவர் பட்டியல் ஒன்றை, அமெரிக்க முறையில் அமைந்த கணினியின் எக்ஸெல்லில் திறந்து பார்த்தேன். 25/08/2015 மாறவில்லை; இருபத்தைந்தாம் மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. 05/08/2015 மட்டும் ஓசையின்றி மே 8 ஆகிவிட்டது. கோணலாய்த் தெரிந்தது சரி. ஒழுங்காய்த் தெரிந்ததே பிழை!

எக்ஸெல் தேதியை, 1900 ஜனவரி 1-ஐ ஒன்றாக வைத்து எண்ணிய நாள்கணக்காகவே சேமிக்கிறது. அக்கணக்கே தவறியபின் தோற்றத்தை மாற்றிப் பயனில்லை. கோப்பை நேரே திறவாமல் ‘டேட்டா’ பகுதி வழியே கொணர்ந்து, அந்தப் பத்தி நாள், மாதம், ஆண்டு (டி.எம்.ஒய்.) வரிசையிலானது என முன்னரே குறித்துவிட வேண்டும்.

பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பிறந்த தேதி வேறுபட்டால் அலைவது பெற்றோரே. ஆகவே பட்டியல் கொடுக்கும்போது ‘5 ஆகஸ்ட் 2015’ என்று மாதத்தை எழுத்தால் எழுதிக் கொடுங்கள். எந்நாட்டவரும் பிறழ உணரமாட்டார்.