புதுவைப் பாவலர்களுடன் இரண்டு நாள்கள்

புதுவைக்குச் செல்வோர் கடற்கரையையும் பிரெஞ்சுக்காரர் காலத்து வீதிகளையும் கண்டு திரும்புவது வழக்கம். நாமோ அந்நகரில் இன்றும் பாட்டுப் புனைவோரைக் காணும் ஆவலுடன் சென்றோம். மிஷன் வீதியில், ஊரார் சம்பா கோயில் என்றழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தில் காலைத் திருப்பலி கண்டு வெளிவந்தபோது, நமக்கு வழிகாட்ட இசைந்திருந்த முதிய தமிழாசிரியர் வாயிலருகே காத்திருந்தார். எண்பதைக் கடந்தவர், வெண்பாவில் வல்லவர், பங்குத் திருவிழாக்களுக்கு வாழ்த்துப்பா எழுதித் தருபவர்.

"முதலில் பெரியவர்களைப் பார்ப்போம். பிறகு எங்களைப் போன்ற சின்னவர்களைப் பார்க்கலாம்" என்று நகைத்தார்.

பெரியவர்கள் என்று அவர் சொன்னது இரண்டு வீடுகளை. ஒன்று, ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்தார்; பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் அக்காலத்தில் பிறந்தவை. மற்றொன்று, பெருமாள் கோயில் வீதியில் உள்ள பாரதிதாசன் இல்லம். ஒரு திருமண வீட்டில் சுப்புரத்தினம் என்ற இளைஞர் பாரதியின் பாடலைப் பாடினாராம். பாரதியே எதிரில் அமர்ந்திருப்பதை அவர் அறியார். அந்த அறிமுகத்தால் தம் பெயரையே மாற்றிக்கொண்டார். 1935-இல் கவிதைக்கென்றே 'கவிதா மண்டலம்' என்னும் இதழையும் நடத்தினார்.

"அவர் கடவுளை மறுத்தவர், நான் நாள்தோறும் செபமாலை சொல்பவன். ஆயினும் பள்ளி நாளில் அவர் மேடையில் முழங்கக் கேட்ட பின்னரே எனக்கு யாப்பின்மேல் பித்துப் பிடித்தது" என்றார் ஆசிரியர். இதைச் சொல்ல அவர் சற்றும் தயங்கவில்லை.

நம்மவர் மரபும் இந்நகரில் ஆழமானதே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர்களுள் புதுவைக் கிறிஸ்தவரான சவராயலு நாயகரும் ஒருவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் உ. வே. சாமிநாதையரும் அதே ஆசிரியரின் மாணாக்கர்கள். சைவப் பேரறிஞர் ஒருவர் மூன்று சமயத்தாருக்கும் தமிழூட்டிய அந்நாளை எண்ணி நாம் வியந்து நின்றோம்.

மாலையில் குருசுக்குப்பத்திற்குப் புறப்பட்டோம். அங்கே ஓர் இளம்பெண் புதுக்கவிதை எழுதுவதாகக் கேள்விப்பட்டிருந்தோம். தெருமுனை வந்ததும் ஆசிரியர் நின்றுவிட்டார். "நீங்கள் போய் வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்."

காரணத்தை அப்பெண்ணே சொன்னார். பத்தாண்டுகளுக்குமுன் பங்கு மண்டபத்தில் நடந்த கவியரங்கில், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் தம் தாயைப் பற்றி அவர் வாசித்தார். தலைமை தாங்கிய ஆசிரியர், "இது கவிதையன்று, உரைநடையை ஒடித்துப் போட்டது" என்று மேடையிலேயே கூறிவிட்டார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் தாயும் அமர்ந்திருந்தார். அன்றிலிருந்து அப்பெண் அம்மேடை ஏறவில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு மாலை, தோழி ஒருவரின் மொட்டைமாடியில் எட்டுப் பேர் கூடுகின்றனர். ஒருவர் செவிலியர், ஒருவர் இருசக்கர வண்டி பழுது பார்ப்பவர். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கின்றனர். பொன்னாடை இல்லை, தலைமையுரை இல்லை. "எங்களில் யாருக்கும் யாப்பு தெரியாது. கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை. ஐயாவின் மாதா வெண்பாக்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் அவரிடம் போய் எப்படிக் கேட்பேன்?" என்றார்.

ஆசிரியர் அன்று கூறியது முறையன்று என்பதே நம் எண்ணம். மேடையில் சொன்ன சொல்லைத் தனியே சொல்லியிருக்கலாம். இதைத் திரும்பும் வழியில் அவரிடமே கூறினோம். அவர் மறுக்கவில்லை; நெடுநேரம் பேசவுமில்லை.

இரவு தம் வீட்டில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பதினேழு குறிப்பேடுகள், அனைத்தும் அச்சேறாத பாக்கள். இரண்டைக் கறையான் அரித்திருந்தது. மகன் பிரான்சில் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவர், எழுத்துக் கூட்டி வாசிக்க அறியார். கவியரங்கில் உடன் பாடிய பதினொரு பேரில் இன்று நால்வரே எஞ்சியிருக்கின்றனர் என்றும், கடந்த ஆண்டு அரங்கே நடைபெறவில்லை என்றும் கூறினார்.

மறுநாள் காலை நாம் விடைபெறும்போது ஒரு குறிப்பேட்டைக் காகிதத்தில் சுற்றி நம் கையில் தந்தார். "அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். அலகிட்டுப் பார்க்கும் முறையை முதல் பக்கங்களில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றையும் படித்து, பிழை கண்டால் குறித்து வைக்கச் சொல்லுங்கள்."

பொழுது விடியும்வரை உறங்காமல் அப்பக்கங்களை எழுதியிருந்தார் என்பதை அவர் கண்களே காட்டின.

குருசுக்குப்பத்தில் அப்பெண் வேலைக்குச் சென்றுவிட்டிருந்தார். கூடையுடன் புறப்பட்டுக்கொண்டிருந்த தாய், யார் கொடுத்தது என்று கேட்டார், சொன்னோம். அவர் கையை முந்தானையில் இருமுறை துடைத்துவிட்டு, குறிப்பேட்டை வாங்கி மாதா படத்தருகே வைத்தார். "சாயங்காலம் வந்ததும் கொடுக்கிறேன். அவரை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், மீன் குழம்பு வைக்கிறேன்" என்று கூறிவிட்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றினார்.